சோப்பு விலக்கப்பட்ட சிரிஞ்சுகள்

பெயர்: நெரேயோ பவுத்தாசோ. வயது: அறுபத்து மூன்று. தொழில்: தானியத் தர ஆய்வாளர், பணி ஓய்வு. மனைவி காலமாகிவிட்டார். முகவரி: பியத்மா தெரு, ரொசாரியோ நகரம், சாந்தா ஃபே மாகாணம். எழுதியவர்: துணை ஆய்வாளர் அயாலா. இதே வழக்கில் இவர் கடந்த திங்கட்கிழமை கொடுத்த வாக்குமூலத்தின் தொடர்ச்சியாகவும், சில இடங்களில் அதற்கு மாறாகவும், தாமாக நேரில் வந்து கொடுப்பது.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். லா பர்வா சமூக விளையாட்டுக் கிளப்பின் செயலராகவும், அதன் போச்சாஸ் பிரிவின் செயலராகவும் இருந்து வருகிறேன். போச்சாஸ் பிரிவில் மொத்தம் மூன்று பேர்: நான், வெயில்மறைப்புத் துணி தைக்கும் கடை வைத்திருக்கும் தார்தோ கிர்லாந்தா, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எவுக்ளிதெஸ் பிரெஸ்ஸான். மரப்பந்து உருட்டும் இந்த ஆட்டத்தை இளைஞர்கள் ஆடுவதில்லை என்பதால் பிரிவு பெருகவில்லை.

இந்த வழக்கின் தொடக்கம், சென்ற மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் மேற்படி பிரிவு கூடி, இனிமேல் அளவுச் சிரிஞ்சுகளைப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் கழுவுவதில்லை என்று முடிவு செய்ததாகும். ஆட்டத் தளத்துக்கு மேல் கூரை போடுவது என்ற முடிவுக்குப் பிறகு எங்கள் பிரிவின் வரலாற்றில் இதற்கு இணையான முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. ஆதரவாக இரண்டு வாக்கு, எதிராக ஒரு வாக்கு. உறுப்பினர்கள் எழுந்து நின்று வாக்களித்தார்கள். கூரை இன்னும் போடப்படவில்லை.

சிரிஞ்சுகள் எங்களிடம் வந்த காரணத்தைத் துணை ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். நாங்கள் மூவரும் மருத்துவர் சொன்னபடி சிகரெட்டை விட்டு, ஆவி இழுக்கும் கருவிக்கு மாறியவர்கள். அதற்கான திரவத்தைக் கடையில் விற்கக் கூடாது என்பதால் நாங்களே கலந்துகொள்கிறோம். தேன் போலக் கெட்டியான கிளிசரின், கறுப்புப் புட்டியில் வரும் நிகோடின் திரவம், வாசனைக்கு எசென்ஸ், கிளிசரினை இளக்கக் கொஞ்சம் காய்ச்சி வடித்த தண்ணீர், இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் தனிச் சிரிஞ்ச் உண்டு. எது எதற்கு என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருக்கும். மருந்துக்கடையில் ஒன்று வாங்கினால் அது தேயும் வரை வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ரப்பர் இறுகினால் ஒரு சொட்டு கிளிசரின் தடவி ஓட்டுவோம். சோம்பு எசென்ஸ் எடுத்த சிரிஞ்ச் மட்டும் எத்தனை முறை கழுவினாலும் வாசனை போகாததால், அது தனியாக ஜன்னலில் வைக்கப்பட்டது. அளவுக்கோடுகள் வெந்நீரில் அழிந்துபோகும்போது எவுக்ளிதெஸ் தன் கடையின் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதிய கோடு வரைவார். கோடு அழியாதிருக்க அதன் மேல் நகப்பூச்சு பூச வேண்டும். நகப்பூச்சுக்கு நாங்கள் கிளப் கேன்டீனை நடத்தும் வில்மா ஃபெரெச்சியோவை அணுக வேண்டியதாயிற்று.

வில்மா ஃபெரெச்சியோவுக்கு ஐம்பது வயதிருக்கலாம். கேன்டீனை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்துகிறார். அதன் பின்னால் உள்ள அறையில் வசிக்கிறார். அவருக்கு வேறு வீடு இல்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமைகளில் திரவம் கலப்பது அவருடைய சமையலறையின் கடைசி மேசையில். நகப்பூச்சு கேட்டபோது அவர் சொன்னது: "நிறமில்லாதது எங்கிட்ட இல்ல நெரேயோ ஐயா. சிவப்புதான் இருக்கு. பூசிட்டு அப்படியே உங்க நகத்துக்கும் போட்டு விடட்டுமா?" ஆகவே எங்கள் சிரிஞ்சுகளின் கோடுகள் எல்லாம் சிவப்பாக உள்ளன. முந்தைய வாக்குமூலத்தில் இதைச் சந்தேகத்துக்குரிய தடயமாகக் குறிப்பிட்டிருந்தேன்.

சோப்பு விலக்கப்பட்டதற்குக் காரணம், தார்தோ தன் வெனிலாத் திரவத்தில் எலுமிச்சைச் சோப்பின் சுவை தெரிவதாகக் கூறியது. மத்தே இலைச் சாற்றை நாங்கள் குடிக்கும் சுரைக்குடுவையை உதாரணம் காட்டி அவர் சொன்னது: "மத்தேச் சுரையை யாராவது சோப்புப் போட்டுக் கழுவுவாங்களா? கழுவினா அதுல யாராவது குடிப்பாங்களா? வாயில வைக்கிற சாமானுக்குச் சோப்பு ஆகாதுடா. வெந்நீர் ஊத்து, குலுக்கு, கவுத்து வை. எங்க அப்பா ஒரே சுரையில நாற்பது வருஷம் குடிச்சார்." எவுக்ளிதெஸ் எழுந்து, சுரைக்கு நுண்துளை உண்டு, பிளாஸ்டிக்குக்குக் கிடையாது என்று கூறினார். தார்தோ அவரிடம், "துளை இருக்குதா இல்லையான்னு உள்ள போய்ப் பாத்தியா?" என்று கேட்டார். எவுக்ளிதெஸ் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு வாக்கெடுப்பு நடந்தது. நான் தார்தோ பக்கம் வாக்களித்தேன்.

அதன் பிறகு சில வாரங்களில், வில்மா எங்கள் தீர்மானத்தை மீறி, நாங்கள் போன பிறகு சிரிஞ்சுகளைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார் என்ற சந்தேகம் எனக்கு வந்தது. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் துறைமுகத்துக்கு வரும் லாரிகளில் நீண்ட குழாயைக் குத்தி அடியிலிருந்து மாதிரி எடுத்தவன். மேலே நல்ல கோதுமையும் அடியில் புழுத்த கோதுமையும் ஏற்றி வருவார்கள். வந்த லாரி எதையும் நான் நம்பியதில்லை. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை, மற்றவர்கள் வருமுன் போய், சிரிஞ்ச் ஒவ்வொன்றையும் வெந்நீரால் அலசி, அலசிய நீரைச் சிறு புட்டிகளில் பிடித்துக் குலுக்கினேன். நுரை வந்தது. புட்டிகளை வரிசையாக வைத்து வில்மாவை அழைத்துக் காட்டினேன்.

"இது என்ன?" என்றேன்.

"நுரை," என்றார்.

"எப்படி வந்தது?"

"நீங்க குலுக்கினீங்க, வந்துது. உங்க மத்தேயிலகூட நுரை வருது. அதையும் பிடிச்சு உள்ள போடுங்க."

"நீ கழுவினியா இல்லையா?"

"என் சமையலறையில எச்சிச் சாமான் கிடந்தா கழுவுவேன். அதுக்கும் ஒரு கமிட்டி வைங்க."

இதை நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு பிரிவு மறுபடி கூடி, வில்மா ஃபெரெச்சியோ மேற்படி சாமான்களைத் தொடக் கூடாது என்று தீர்மானித்தது. இதுவும் இரண்டுக்கு ஒன்று. தீர்மானத்தை நான் அவரிடம் நின்றுகொண்டு வாசித்தேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். அதன் பிறகு அவர் எங்கள் மேசைப் பக்கம் வரவில்லை. மேசையில் விழுந்த தூசியும் அப்படியே இருந்தது.

வழக்கமாக மதியச் சாப்பாட்டில் தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு முட்டை அடையின் ஓரத்துண்டை எனக்கு எடுத்து வைப்பார். ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும் என்பதால். அந்த வாரத்திலிருந்து நடுத்துண்டு வந்தது.

அதன் பிறகு கிளப் தலைவர் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தார்தோ போட்டியிட்டார். தான் வென்றால் கேன்டீன் ஒப்பந்தத்தை முடித்து, ஃபூனெஸில் இருக்கும் தன் சகோதரியின் மகனிடம் கொடுத்து, பல வகை பீர் கிடைக்கும் நவீன பாராக மாற்றப்போவதாகச் சொல்லி வந்தார். இதை வில்மா கேட்டுவிட்டு, கிளப் பந்தலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் தார்தோவைப் பார்த்துச் சொன்னது: "இழுங்க, நல்லா இழுங்க. அந்த ஆவியிலேயே ஒருநாள் அவிஞ்சு போவீங்க." இந்த வாசகத்தைத் திங்கட்கிழமை வாக்குமூலத்தில் நான் சொன்னேன். அதற்குத் தார்தோ, "அவிஞ்சாலும் உன் கேன்டீன் சாப்பாட்டை விட ருசியாத்தான் இருப்பேன்" என்று பதில் சொன்னதையும், எல்லோரும் சிரித்ததையும் அப்போது சொல்லவில்லை. கேட்கப்படவில்லை.

அதே சமயத்தில் எவுக்ளிதெஸ், தண்ணீர் அளக்கும் சிரிஞ்சின் கோடுகள் மூன்றாம் முறையாக அழிந்துவிட்டன, இனி வரைந்து பயனில்லை, புதிது வேண்டும் என்று கேட்டார். வாங்கிவரும் பொறுப்பைத் தார்தோ ஏற்றார். வாங்கினாரா என்பதை நாங்கள் கேட்கவில்லை. தேர்தல் வேலையில் இருந்தார்.

தேர்தல் பொதுக்கூட்டம் சனிக்கிழமை மாலை. அன்று பிற்பகல் தார்தோ முடிவெட்டும் கடையில் இருந்தார். அங்கிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்து, தன் புட்டி காலியாகிவிட்டது, மேடையில் இழுக்க ஒன்று கலந்து வை என்று சொன்னார். எவுக்ளிதெஸ் மகளைப் பேருந்து நிலையத்தில் விட்டுவரப் போயிருந்தார். ஆகவே நான் தனியாகப் போனேன். சமையலறையில் வில்மா மட்டும் இருந்தார். இரவு வாக்காளர்களுக்குப் பரிமாற இறைச்சித் துண்டுகளை ரொட்டித்தூளில் புரட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் மேசையில் புதிய சிரிஞ்ச் ஒன்று நிமிர்ந்து நின்றது. கோடுகள் கறுப்பாக, கூர்மையாக இருந்தன. அதன் மேல் கேன்டீன் கண்ணாடித் தம்ளர் ஒன்று கவிழ்க்கப்பட்டிருந்தது. சிரிஞ்ச் நிறையத் தெளிந்த திரவம் இருந்தது. கழுத்தில் நூல் இல்லை. எவுக்ளிதெஸ் கலக்குமுன் தண்ணீரை அளந்து, தூசி விழாதிருக்கத் தம்ளரால் மூடி வைப்பது வழக்கம். எனவே இது தண்ணீர் என்று கருதினேன். ஆனாலும் வில்மா ஏதாவது கலந்து வைத்திருக்கக் கூடும் என்ற சந்தேகமும் இருந்ததால் கேட்டேன்.

"வில்மா, இது தண்ணிதானே?"

"என்னைக் கேக்காதீங்க. தொடக் கூடாதுன்னு நீங்கதானே வாசிச்சீங்க?"

"தொடச் சொல்லல. பாத்துச் சொல்லச் சொன்னேன்."

"பாத்தா தொடத் தோணும். அதனால பாக்கறதில்ல."

"யார் வச்சாங்கன்னாவது தெரியுமா?"

"கமிட்டிக்குத் தெரியும். கமிட்டியக் கேளுங்க."

அவர் பதில் சொல்ல மறுத்ததை மனத்தில் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு தார்தோவின் புட்டியில் கிளிசரின் ஊற்றி, எசென்ஸ் சேர்த்து, வழக்கமான அளவு நிகோடின் சேர்த்து, கடைசியாக மேற்படி புதிய சிரிஞ்சில் இருந்ததை முழுவதும் செலுத்திக் குலுக்கினேன். வழக்கத்தைவிடத் தண்ணீர் சற்று அதிகம் என்று பட்டது. மேடையில் பேசுகிறவருக்குத் தொண்டை இளகுவது நல்லது என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை நான் கொடுத்த பொருள்களின் விவரத்தில் இது இடம்பெறவில்லை. தண்ணீரை யாரும் பொருளாகச் சொல்வதில்லை.

அதன் பிறகு சிரிஞ்சை வெந்நீரால் அலசி, கவிழ்த்து வைத்தேன். சோப்புப் போடவில்லை.

மாலையில் தார்தோ மேடை ஏறினார். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் இடையில் ஆவி இழுத்தார். முதல் இழுப்புக்குப் பிறகு கீழே இருந்த என்னை நோக்கிக் குனிந்து, "டேய் நெரேயோ, கலக்கிட்டடா. பழைய சிகரெட்டு மாதிரி தொண்டையில பிடிக்குது" என்றார். நான் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டேன். தளத்துக்குக் கூரை போடப்படும் என்றார், கைதட்டினார்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடப்படும் என்றார், இன்னும் அதிகமாகக் கைதட்டினார்கள். கேன்டீன் என்ற சொல்லுக்கு வந்தபோது நின்றுவிட்டார். முகம் மழையில் நனைந்த கோதுமை நிறத்துக்கு வந்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, கோப்பைகள் வைத்திருந்த மேசைக்குப் போய், பிராந்தியப் போட்டியில் நாங்கள் வாங்கிய இரண்டாம் பரிசுக் கோப்பையில் வாந்தி எடுத்தார். அதன் பிறகு தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு படுத்தார்.

வில்மாதான் முதலில் ஓடிவந்து அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார். இதைத் திங்கட்கிழமை, "சம்பவ இடத்துக்குச் சந்தேகத்துக்குரிய வேகத்தில் வந்தார்" என்று சொல்லியிருந்தேன். எதிர்த்துப் போட்டியிட்டவர், படுத்துக்கிடப்பவரை எதிர்ப்பது நாகரிகமல்ல என்று விலகிக்கொண்டார். ஆம்புலன்சின் கதவு சாத்தப்படுகையில் தார்தோ கைதட்டல் மூலம் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மருத்துவமனையில் நிகோடின் அதிகமானதால் வந்த கோளாறு என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் காவல்துறையினர் சமையலறைக்கு வந்து எங்கள் சாமான்கள் அனைத்தையும், கவிழ்த்திருந்த தம்ளரையும் எடுத்துக்கொண்டார்கள். தம்ளரில் வில்மாவின் கைரேகை இருந்தது. கேன்டீனில் உள்ள எல்லாத் தம்ளர்களிலும் இருக்கும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. சமையலறைச் சாவி அவரிடம் மட்டும் இருப்பது, அவர் பேசிய பேச்சு, சிவப்புக் கோடுகள் எல்லாம் சேர்ந்து அவர்மீது சந்தேகம் விழுந்தது. அழைத்துப் போகும்போது சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அவர் கதவருகே நின்று என்னிடம் சொன்னது: "அடுப்புல கீரை டார்ட் இருக்கு. கால் மணி நேரத்துல எடுத்துடுங்க. மேல கறுத்தா கீழ வெந்துருச்சுன்னு நினைக்காதீங்க, தட்டிப் பாத்து எடுங்க." நான் தட்டிப் பார்த்து எடுத்தேன். கமிட்டி உறுப்பினர்கள், விஷம் வைத்ததாக ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் செய்த டார்ட்டை அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஓரம் எனக்குக் கிடைத்தது.

மறுநாள் திங்கட்கிழமை நான் முதல் வாக்குமூலம் கொடுத்தேன். அது எழுதப்பட்டு என்னிடம் உள்ளபடி வாசிக்கப்பட்டது. அதில் பொய் எதுவும் இல்லை. மேலே இருந்த கோதுமை மட்டும் இருந்தது.

புதன்கிழமை மருத்துவமனைக்குச் சென்றேன். தார்தோ தேறியிருந்தார். கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. செவிலியர் வெளியே போகும் வரை பொறுத்திருந்து கேட்டார்.

"அந்தப் புதுச் சிரிஞ்ச் எங்கடா?"

"போலீஸ்ல."

"காலியாவா?"

"காலிதான். அதுல இருந்த தண்ணியத்தான் உன் புட்டியில ஊத்தினேன்."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அடப்பாவி. அது தண்ணி இல்லடா. நிகோடின். சிரிஞ்சைப் பழக்க வச்சிருந்தேன்."

புதுச் சுரையை வாங்கியதும் அப்படியே அதில் மத்தே குடிக்க மாட்டோம். குடித்துமுடித்த ஈர இலையால் அதை நிரப்பி, ஒரு நாள் மூடிவைத்து, சுவை ஊறிய பிறகே குடிப்போம். சுரையைப் பழக்குவது என்பது இதுதான். துணை ஆய்வாளருக்கு இது தெரியும். இதை எழுதும்போதும் அவர் மேசையில் ஒரு சுரை இருக்கிறது. நான் தார்தோவிடம், அந்தச் சிரிஞ்சை எவுக்ளிதெஸ் தண்ணீருக்காகக் கேட்டார், நிகோடினை எதற்கு நிரப்பினாய் என்று கேட்டேன்.

"தண்ணிக்குன்னு எவன் சொன்னான்? நான் நிகோடினுக்குன்னுல்ல நினைச்சேன். புதுசு சப்புன்னு இருக்குமேன்னு, முந்தின நாள் வந்து நிறைச்சு, தம்ளர் கவுத்து வச்சேன். சோப்பு ஆகாதுன்னு மூணு பேரும் ஓட்டுப் போட்டோமா இல்லையா? அப்ப பழக்கவும்தானே வேணும்?"

"ரெண்டு பேருடா."

"சரி, ரெண்டு பேரு."

"யார் கதவைத் திறந்து விட்டா?"

"வில்மாதான். காபி போட்டுக் குடுத்தா. நான் என்ன பண்றேன்னு திரும்பிக்கூடப் பாக்கல, திமிரு."

அதன் பிறகு அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நெரேயோ, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். தலைவரு தன் சிரிஞ்சால தானே கவுந்தாருன்னா ரொசாரியோவே சிரிக்கும். அவ நாலு நாள் உள்ள இருந்துட்டு வந்துருவா. அவளுக்கு ஒண்ணும் ஆகாது." நான் எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. மறுப்பும் சொல்லவில்லை. திராட்சை வாங்கிப் போயிருந்தேன், அதை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கிளப் கமிட்டி கூடி, புதிய தலைவர் மருத்துவமனையிலிருந்து சொல்லி அனுப்பிய சில அவசரத் தீர்மானங்களை நிறைவேற்றியது. செயலர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன். படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் எங்கள் கிளப்பில் இல்லை.

அன்று பிற்பகல் டார்ட் இருந்த வார்ப்புத் தட்டு என் வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. சாப்பிட்டு மீந்ததைத் தட்டோடு எடுத்துப் போயிருந்தேன். அது வில்மாவுடைய தட்டு. அதைக் கழுவினேன். சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். இன்று வெள்ளிக்கிழமை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தேன். அனுமதி பெற்று வில்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்தார். தலைமுடியைக் கயிறு போன்ற எதனாலோ கட்டியிருந்தார். நான் தட்டைக் காட்டினேன்.

"நேரத்துக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்தேன்."

"தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அடி கருகலையே?"

"இல்ல."

"அப்ப சரி. கேன்டீனுக்குள்ள கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில வைங்க. கீழ்த்தட்டுல. மேல வச்சா எனக்கு எட்டாது."

என்னைப் பற்றியோ என் வாக்குமூலத்தைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. நான் திரும்பி வந்து துணை ஆய்வாளரிடம், திங்கட்கிழமை சொன்னதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கிறது, தாள் வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர், "நீங்க எழுத வேண்டாம், சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். அதுக்கு முன்னாடி அந்தத் தட்டைக் கீழ வைங்க" என்றார்.

சாமான்களைத் தொடக் கூடாது என்று நாங்கள் போட்ட தீர்மானத்தை வில்மா ஃபெரெச்சியோ கடைசி வரை மீறவில்லை என்பதையும், புதிய சிரிஞ்சில் நிகோடினை நிரப்பியவர் தார்தோ கிர்லாந்தா என்பதையும், அதைத் தண்ணீர் என்று எண்ணி அவருடைய புட்டியில் ஊற்றியவன் நான் என்பதையும், நுரையைத் தவிர வில்மாமீது எனக்கு வேறு ஆதாரம் எப்போதும் இருந்ததில்லை என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். எவுக்ளிதெஸ் பிரெஸ்ஸானுக்கு இதில் தொடர்பில்லை. அவர் இரண்டு முறையும் எதிர்த்து வாக்களித்தவர்.

இந்த முறை அடியிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன், நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேர்க்கப்படவில்லை, யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) நெரேயோ பவுத்தாசோ

என் முன்னிலையில்: (ஒப்பம்) அயாலா, துணை ஆய்வாளர்

பின்குறிப்பு: மேற்படி வாக்குமூலத்தின் பேரில் வில்மா ஃபெரெச்சியோ இன்று பிற்பகல் விடுவிக்கப்பட்டார். கைப்பற்றப்பட்டிருந்த கேன்டீன் சாவியும் வார்ப்புத் தட்டு ஒன்றும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் சிறிது நேரத்தில் தட்டுடன் நிலையத்துக்குத் திரும்பி வந்து, சாவி பூட்டில் நுழையவில்லை என்று தெரிவித்தார். விசாரித்ததில், கேன்டீன் ஒப்பந்தம் முடிக்கப்பட்டு, கேன்டீனுக்கும் பின்னறைக்கும் வியாழக்கிழமை புதிய பூட்டு போடப்பட்டதும், சாவி தலைவரின் சகோதரி மகனிடம் இருப்பதும், தீர்மானத்தில் செயலர் நெரேயோ பவுத்தாசோவின் கையெழுத்து இருப்பதும் தெரியவந்தது.